லேமினேட்டர் வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு: பளபளப்பைப் பற்றி ஒரு புலம்பல்

ரிப்பேருக்குப் போயிருந்த லேமினேட்டர் திரும்பி வந்த அதே வாரத்தில், ஒன்றாம் வகுப்பு எடுக்கும் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "அக்கா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க வருஷக்கணக்கா வச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" போனில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை, அதனால் எழுதுகிறேன். ஏ4 அளவு, மேசையில் வைத்துக்கொள்கிற சாதாரண ரகம். எவ்வளவு நேரத்தில் சூடாகும், எத்தனை வாட் என்பதெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும். கம்பெனி பெயரும் வேண்டாம். இந்த ரகத்தில் எல்லாமே அண்ணன் தம்பிதான்.

ரிப்பேர் வந்தது மெஷினின் குற்றமில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பவுச் என்பது, நடுவில் அட்டையை வைத்து மெஷினுக்குள் விடுகிற, ஒரு ஓரம் மட்டும் ஒட்டப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள். வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உட்பக்கம் சூடு பட்டால் இளகும் பசை. ஒட்டிய ஓரம்தான் முதலில் உள்ளே போக வேண்டும். திறந்த ஓரத்தைக் கொடுத்தால் பசை வெளியே பிதுங்கி, பவுச் ரோலரைச் சுற்றிக்கொள்ளும். ஸ்டாஃப் ரூமில் யாரோ அப்படிக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வரவில்லை என்றதும் அதன் பின்னாலேயே இன்னொன்றையும் தள்ளியிருக்கிறார்கள். யார் என்று கேட்டால் எல்லோருக்கும் திடீரென்று நோட்டு திருத்துகிற வேலை வந்துவிடுகிறது. மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது மாதங்களின் பெயர் போட்ட அட்டை ஒன்று ரோலரோடு சுருண்டு, "அக்டோ" வரைக்கும் மட்டும் தெரிந்தது. வெறும் பவுச்சை உள்ளே விட்டாலும் இதே கதிதான். பின்னோக்கிச் சுற்றும் பட்டன் இல்லாத மாடல் பக்கமே போகாதே. மெஷினைப் பற்றி அவ்வளவுதான். மீதியெல்லாம் அதிலிருந்து வெளியே வருகிற அட்டையைப் பற்றி.

வாங்கும்போது நான் நினைத்தது, அட்டைகள் கிழியாமல் இருக்கும், அடுத்த வருடமும் உதவும் என்றுதான். உண்மையில் பிடித்துப்போனது வேறொன்று. லேமினேட் செய்த அட்டையின் மேல் வெள்ளைப்பலகை மார்க்கரால் எழுதலாம், துணியால் துடைக்கலாம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் வகுப்பில் அது என்ன செய்கிறது என்பது பார்த்தால்தான் புரியும். நோட்டில் எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, இந்த அட்டையைக் கொடுத்தால் சரசரவென்று எழுதுகிறது. தப்பானால் அழித்துவிடலாம் என்பதைவிட, தப்பு இருந்த தடமே தெரியாது என்பதுதான் அதற்குப் பெரிய தைரியம். முள் இல்லாத கடிகார முகம் ஒன்று அடித்து வைத்திருக்கிறேன். "மணி நாலே கால்" என்றால் முள்ளை அவர்களே வரைய வேண்டும். சின்ன முள்ளைச் சரியாக நாலின் மேலேயே வைக்கிறவர் யார், கொஞ்சம் தள்ளி வைக்கிறவர் யார் என்று ஒரு சுற்றுப் பார்வையில் தெரிந்துவிடும். அட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னால் போதும், நோட்டு திருத்தவே வேண்டாம்.

இடது கைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் இது தண்டனை. எழுதிக்கொண்டு போகப் போக, பின்னாலேயே வரும் உள்ளங்கை எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே வரும். வரி முடியும்போது எழுத்து இருக்காது, கையோரத்தில் நீலக் கறை இருக்கும். அட்டையைச் சாய்த்து வைத்து, கையை வரிக்குக் கீழே வைத்து எழுதப் பழக்கினால் பாதி சரியாகிறது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை எழுதியதை அழிக்காமல் விட்டால் திங்கட்கிழமை காய்ந்துபோய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேலேயே புது மார்க்கரால் கிறுக்கி, ஈரம் காய்வதற்குள் துடைத்தால் பழையதும் சேர்ந்து வந்துவிடும். யாராவது அழியாத மார்க்கரால் எழுதிவிட்டாலும் இதே வைத்தியம்தான்.

பருவகாலப் பாடங்களுக்கு வருகிறேன், தோழி முக்கியமாகக் கேட்டது அதைத்தான். இணையத்தில் கிடைக்கிற பருவகாலத் தொகுப்புகளை அப்படியே இறக்கி, வண்ணத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து மாட்டுவதுதான் எல்லோரும் செய்வது. வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு அட்டை. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைக்கு மழைக்காலம், மழையில்லாத காலம் என்று இரண்டுதான் தெரியும். தெற்கு அரைக்கோளத்தில் டிசம்பர்தான் கோடை, ஆனால் அங்கேயும் டிசம்பர் அட்டையில் பனிமனிதன் நிற்கிறான். காகிதமாக இருந்தால் வருடக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவோம். லேமினேட் செய்துவிட்டால் மனசு வராது. பொருந்தாத படம் பத்து வருடம் சுவரில் இருக்கும். இந்த மெஷின் நல்லதையும் கெட்டதையும் ஒரே மாதிரி சாகாவரம் கொடுத்து அனுப்பும்.

அதனால் பருவகாலத்துக்கு நான் வெற்று அட்டைகளைத்தான் லேமினேட் செய்கிறேன். இலையில்லாத மரத்தின் கோட்டுப்படம் ஒன்று. வாரம் ஒருமுறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தளிரா, பூவா, பழுத்த இலையா என்று அதில் வரைகிறார்கள். இன்னொன்று வெறும் ஜன்னல் சட்டம். தினமும் காலையில் ஒரு பிள்ளை வெளியே தெரியும் வானத்தை அதற்குள் வரையும். மழைமானிக்கு மில்லிமீட்டர் கோடு போட்ட நீளமான பட்டை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பாட்டிலில் சேர்ந்த நீரை அளந்து, பட்டையில் அந்த உயரம் வரை நீலம் தீட்டுவார்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். தரையில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் வரைந்து, ஒரு லிட்டரை ஊற்றிக் காட்டிய பிறகுதான் "ஒரு மில்லி மழை"யைப் பிள்ளைகள் மதிக்க ஆரம்பித்தார்கள்.

இலைகளை லேமினேட் செய்யலாமா என்று அவசியம் கேட்பாள். செய்யலாம், ஆனால் பறித்த கையோடு கூடாது. இலையின் ஈரம் சூட்டில் ஆவியாகி உள்ளே குமிழி கட்டும், இரண்டே நாளில் பழுப்பாகும். பழைய காகிதங்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, சருகு போல ஆகும்வரை பொறுத்திருந்து பிறகு செய்தால் நிற்கும். அப்போதும் வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் பச்சை வெளுத்துவிடும். மெழுகு கிரேயானில் தீட்டிய படங்கள் உருகி இழுவிக்கொள்ளும். கடை ரசீது போன்ற தெர்மல் காகிதம் கறுத்தே போகும்.

பவுச் 80, 125, 250 மைக்ரான் என்று வரும், இது ஒரு பக்கத்தின் தடிமன். பிள்ளைகள் கையில் புழங்குவதற்கு 125 போதும். 250 விறைப்பாக நிற்கும், ஆனால் வெட்டிய மூலைகள் குத்தும், எல்லா மெஷினும் அதை ஏற்காது. அட்டைகளை முதலில் வெட்டிவிட்டு, இடைவெளி விட்டு பவுச்சில் அடுக்கி, லேமினேட் ஆன பிறகு சுற்றிலும் 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு மறுபடி வெட்ட வேண்டும். ஆமாம், ஒரே அட்டையை இரண்டு தடவை வெட்ட வேண்டும். முழுத்தாளாக லேமினேட் செய்து ஒரே தடவையில் வெட்டினால் காகித ஓரம் திறந்துகொள்ளும், ஓரத்தைப் பிரிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்று உண்டு.

இனி என் வயிற்றெரிச்சல். பளபளப்பு.

எங்கள் வகுப்பில் பலகையும் சார்ட்டுகளும் மேற்குச் சுவரில். ஜன்னல்கள் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், கிழக்கே. காலை முதல் பிரிவேளையில் சுவர் முழுக்க வெயில். லேமினேட் செய்த சார்ட் அத்தனையும் வெள்ளை வெளிச்சமாகிவிடும். "டீச்சர், கண்ணு கூசுது", "டீச்சர், மூணாவது வரி தெரியல". திரை போட்டால் அறை இருட்டாகிறது. சார்ட்டின் மேல்பக்கத்தைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் தள்ளிச் சாய்த்து மாட்டினால் வெளிச்சம் தரைக்குப் போகும், ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் காற்றில் ஆடும், பட்பட்டென்று சுவரில் அடித்துக்கொள்ளும். பிள்ளைகள் எழுதியதை அழிப்பதற்கு முன்னால் போனில் படம் எடுத்து வைக்கலாம் என்றால் அங்கேயும் இதே கதைதான். ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைப் பொட்டு, போடாவிட்டால் போனைப் பிடித்திருக்கும் என் நிழலுருவம். பெற்றோருக்குக் காட்ட உருப்படியான படம் நாலு தேறாது.

பளபளக்காத மேட் பவுச் வாங்கிப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். வாங்கினேன். கூசுவது நின்றது. ஆனால் அதன் சொரசொரப்பில் மார்க்கர் மை பிடித்துக்கொண்டு, துடைத்தாலும் சாம்பல் நிறத்தில் நிழலாடுகிறது. நாலு தடவை எழுதி அழித்த பிறகு அட்டையே அழுக்கு. பென்சிலால் எழுதலாம், அதுவும் அழிப்பானோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆக, எந்தக் குணத்துக்காக இந்த அட்டைகளை விரும்புகிறேனோ அதே வழுவழுப்புதான் கண்ணையும் கூச வைக்கிறது. இதில் யாரைத் திட்டுவது?

இந்தக் கோபத்தில் மெஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருந்தபோதுதான், வகுப்பில் ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், இப்ப எனக்கு நல்லா தெரியுது. அந்தப் பக்கம் உக்காந்திருக்கவங்களுக்குத்தான் தெரியல." ஜூலையில் புகார் சொன்னதெல்லாம் இடது பக்கத்துப் பெஞ்சு. டிசம்பர் வந்தபோது வலது பக்கத்துப் பெஞ்சு கத்திக்கொண்டிருந்தது. சார்ட்டை யாரும் நகர்த்தவில்லை, பிள்ளைகளும் இடம் மாறவில்லை. மாறியது சூரியன். சரியாகக் கிழக்கில் உதிப்பது மார்ச் 20, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில் மட்டும்தான். ஜூன் வரை வடக்கே தள்ளிக்கொண்டே போகும், பிறகு திரும்பி டிசம்பர் வரை தெற்கே. வடகிழக்கிலிருந்து வந்து மேற்குச் சுவரில் பட்ட வெளிச்சம் தெற்குப் பக்கம் திரும்பும், தென்கிழக்கிலிருந்து வந்தது வடக்குப் பக்கம். மேற்கு பார்த்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெற்கு இடது கை, வடக்கு வலது கை. கணக்கு அப்படியே பொருந்தியது.

அதற்குப் பிறகு வாரம் ஒரு காலை, ஒரே நேரத்தில், "யாருக்குக் கூசுது?" என்று கேட்பதே ஒரு பாடமாகிவிட்டது. இருக்கைகளின் வரைபடத்தில், கை தூக்கியவர்கள் இடத்தில் புள்ளி வைத்து, தேதி எழுத வேண்டும். இந்த ஒரு வரைபடத்தை மட்டும் காகிதத்தில் வைத்திருக்கிறேன், யாரும் துடைத்துவிடக் கூடாது என்று. மாதங்கள் போகப் போகப் புள்ளிகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஊர்ந்து போவதைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட கேள்விகள், நான் மாட்டிய எந்தப் பருவகாலப் படத்தைப் பார்த்தும் கேட்டதில்லை. "கோடையில சூரியன் நம்ம பக்கத்துல வந்துடுமா?" என்றான் ஒருவன். பூமி சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிகத் தள்ளி இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15.2 கோடியில். எங்கே இருப்பவர்களுக்கும் இதே தேதிதான், ஆனால் ஜனவரி பாதி உலகத்துக்குக் கோடை, பாதி உலகத்துக்குக் குளிர். அப்படியானால் தூரம் காரணமில்லை என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். பூமியின் அச்சில் இருக்கும் 23.5 டிகிரி சாய்வைப் பந்தும் டார்ச்சும் வைத்துக் காட்ட அதன் பிறகு பத்து நிமிடம் போதுமாக இருந்தது. கண் கூசியவன் கேட்கிற கேள்வி வேறு, படத்தைப் பார்த்தவன் கேட்கிற கேள்வி வேறு.

இவ்வளவு சொன்ன பிறகு "வாங்கு" என்றுதான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். ஒன்றாம் வகுப்புக்கு லேமினேட்டர் வேண்டாம். ஃபைலில் கோக்கும் தடிமனான ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைகள் முப்பது வாங்கி, உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினால் போதும். அதன் மேலும் மார்க்கரால் எழுதலாம், துடைக்கலாம். மரம் வேண்டாம் என்றால் உருவிவிட்டுக் கடிகாரத்தைச் செருகலாம். பொருந்தாத பனிமனிதனை ஒரு நொடியில் வெளியேற்றலாம். பிளாஸ்டிக்கும் காகிதமும் ஒன்றாக ஒட்டிப்போன லேமினேட் அட்டையை மறுசுழற்சிக்குப் போட முடியாது, குப்பைக்குத்தான் போகும். உறையில் அந்தப் பாவமும் குறைவு. சூடு, ஜாம், மெக்கானிக், இரண்டு தடவை வெட்டுவது எதுவும் இல்லை. உறையும் பளபளக்கும் என்பது உண்மைதான், ஆனால் கையில் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளலாம்.

அப்படியானால் நான் ஏன் அதை ரிப்பேர் செய்தேன் என்று கேட்காதே. மழைக்கால அட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன், இந்த வாரம் போட்டாக வேண்டும். மேட் பவுச் பாக்கெட்டில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது. எழுதி அழிக்காமல் சுவரில் மாட்ட மட்டும் என்றால் அது நன்றாகவே இருக்கும். அட்டைகளைக் கொண்டுவந்தால் போட்டுத் தருகிறேன்.