ஆல்பா கோர்ஸுக்கு இந்து நண்பரைக் கூட்டிப் போகலாமா?

"நீ ஏன் இயேசுவை நம்புறே?" என்று ஒரு நண்பர் மனதாரக் கேட்டால் நம்மில் பல பேர் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுகிறோம், இல்லாவிட்டால் சங்கடப்பட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறோம். நிதானமாக, ஒளிக்காமல் பேச ஓர் இடம் தேடுகிறவர்களுக்காகத்தான் இந்த விமர்சனம். லண்டனில் வீட்டுக்குப் பக்கத்துச் சபையில் நடந்த ஆல்பா கோர்ஸுக்கு, அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையை அறிமுகப்படுத்தும் வகுப்புக்கு, கூட வேலை பார்க்கும் தோழியோடு போனேன். மதுரைக்காரர், தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர். அவராகத்தான் வரேன் என்றார்.

1977-இல் இங்கே ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கான சின்ன வகுப்பாகத் தொடங்கியது ஆல்பா. 1990-இல் அந்த ஆலயத்துப் போதகர் நிக்கி கம்பல் பொறுப்பேற்ற பிறகு, சர்ச் வாசலே மிதிக்காதவர்களையும் மனதில் வைத்து மாற்றினார்கள். இப்போது கத்தோலிக்கர், மெதடிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எல்லாச் சபைகளிலும் நடக்கிறது. கட்டணம் கிடையாது. வாரம் ஒரு மாலை, 10, 11 வாரம் போல. முதலில் சாப்பாடு, அப்புறம் ஒரு பேச்சோ வீடியோவோ, அப்புறம் வட்டமாக உட்கார்ந்து கலந்துரையாடல்.

பேச்சுகள் பரவாயில்லை. போக வேண்டியது அந்த வட்டத்துக்காகத்தான். யார் என்ன கேட்டாலும் குழுவை நடத்துகிறவர் உடனே பாய்ந்து திருத்தக் கூடாது, வாக்குவாதத்தில் ஜெயிக்கப் பார்க்கக் கூடாது என்பது ஆல்பாவின் பழக்கம். எங்கள் குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவர். ஒரு நாள் தோழி, "என் அப்பா இயேசுவைக் கும்பிட்டதே இல்லை, போய்ச் சேர்ந்துட்டார், உங்க நம்பிக்கைப்படி அவர் இப்போ எங்கே?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, ஆனால் இயேசுவிடம் நான் பார்த்த கடவுள் உங்கள் அப்பாவுக்கு அநியாயம் செய்யமாட்டார் என்று நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பற்றிச் சொல்லுங்களேன் என்றார். மீதி நேரம் முழுக்க அந்த அப்பாவின் கதைதான். வசனங்களை அடுக்கியிருந்தால் தோழி அடுத்த வாரம் வந்திருக்கமாட்டார்.

அதற்காக எல்லாவற்றையும் மழுப்பிப் பேசுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இயேசு நல்ல குருக்களில் ஒருவர் மட்டும்தானா என்று கேட்டபோது, எனக்கு அவர் ஆண்டவர், எனக்காக மரித்து உயிர்த்தவர் என்று நானே சொன்னேன். தோழிக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனாலும் இத்தனை வருஷப் பழக்கத்தில் எங்கள் நட்பு இவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அதனால் கோர்ஸ் வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முக்கியப் பேச்சுகளில் ஜெபம், பைபிள், பரிசுத்த ஆவி எல்லாம் வருகிறது, ஆனால் மற்ற மதங்களைப் பற்றியோ துன்பத்தைப் பற்றியோ தனியாக ஒரு வாரம் ஒதுக்கவில்லை. நம் ஆட்கள் முதலில் கேட்பதே அந்த இரண்டும்தான்! கடவுள் என்ற ஒருவரை யோசித்தே பார்க்காத வெள்ளைக்காரருக்காக எழுதிய பாடம் என்பது பல இடங்களில் தெரிகிறது. சின்ன வயதிலிருந்து சாமி கும்பிட்டு வளர்ந்தவருக்குக் கடவுள் உண்டு என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. கோர்ஸ் நடுவில் பரிசுத்த ஆவிக்கென்று ஒரு வார இறுதி வரும். அதில் ஜெபிப்பார்கள், சில சபைகளில் தலையிலோ தோளிலோ கைவைத்து ஜெபிப்பதும், அந்நிய பாஷையும் (ஆவியானவர் தருவதாக நம்பும், பேசுகிறவருக்கே தெரியாத மொழியில் ஜெபிப்பது) இருக்கும். இன்னும் ஒரு முடிவுக்கு வராதவருக்கு இது சீக்கிரம் என்பது என் கருத்து. என்ன நடக்கும் என்று நண்பரிடம் முன்கூட்டியே விவரமாகச் சொல்லுங்கள், வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் வாரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். முதல் இரண்டு வாரத்தில் வந்தவர்களைவிட நடத்துகிறவரே அதிகம் பேசுகிறார் என்றால், தயங்காமல் வேறு சபையில் நடக்கும் ஆல்பாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.