புது ஸ்கோப் வந்து மூன்று வருடம்

மின் சிக்னலைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் புது ஆஸிலோஸ்கோப்பைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் மாலையே எனக்கும் அதற்கும் சண்டை வந்துவிட்டது. நானே வடிவமைத்த ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் கிளாக் பின்னில் புரோப்பை, அதாவது ஸ்கோப்பின் அளக்கும் முனையை, வைத்தேன். பழைய ஸ்கோப்பில் பல மாதம் பார்த்துப் பழகிய அதே கிளாக்தான். பழையதில் ஓரங்கள் கொஞ்சம் மழுங்கிய, சாதுவான சதுர அலை. புதியதிலோ ஒவ்வொரு ஏற்றத்திலும் உச்சியைத் தாண்டி எகிறி, நாலைந்து முறை ஆடிவிட்டு அடங்கியது. 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டிய சிக்னல் 4.5 வரை தாவியது.

இத்தனை நாள் இப்படியொரு போர்டையா கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று வயிற்றைக் கலக்கியது. கிளாக் லைனில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தேன். ஆட்டம் குறைந்தது, ஆனால் போகவில்லை. 47 வைத்தேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. நள்ளிரவு வரை இதே வேலை.

மறுநாள் காலையில்தான் புத்தி வந்தது. குற்றவாளி போர்டு இல்லை, புரோப்பின் கிரவுண்ட் ஒயர். முதலைக் கிளிப்போடு தொங்குமே, அந்தப் 15 சென்டிமீட்டர் ஒயர்தான். ஒயருக்குச் சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 150. புரோப் முனையின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 12 பிக்கோஃபாரட். இரண்டும் சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒத்ததிர்வு கொள்ளும். என் பழைய ஸ்கோப் 50 மெகாஹெர்ட்ஸ் வரைதான் சரியாகக் காட்டும். அந்த ஆட்டம் அப்போதும் இருந்திருக்கிறது, காட்டத்தான் அதற்கு வக்கில்லை. புரோப் முனையின் கொக்கியையும் கிரவுண்ட் ஒயரையும் கழற்றிவிட்டு, புரோப் பையில் கிடந்த குட்டி ஸ்பிரிங்கை முனையில் மாட்டி, ஒரு சென்டிமீட்டர் தள்ளியிருந்த கிரவுண்ட் பேடில் அழுத்தினேன். அலை சுத்தமாக நின்றது. இரவு சேர்த்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டேன்.

அந்த ஸ்பிரிங்கை அதுவரை ஏதோ உதிரிப் பாகம் என்று நினைத்து பையிலேயே விட்டு வைத்திருந்தவன் நான்.

ஏன் மாறினேன் என்று சொல்ல வேண்டும். பழையது 2 சேனல், 50 மெகாஹெர்ட்ஸ், 8 பிட், மெமரி 16 ஆயிரம் புள்ளிகள். ஆர்டுயினோ, எல்இடி, சின்ன ஆடியோ ஆம்ப்ளிஃபயர் என்று விளையாடிய காலத்தில் அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பிறருக்குப் போர்டு செய்து கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் அது பதில் சொல்லாத கேள்விகள் சேர ஆரம்பித்தன. வாங்கியது 4 சேனல், 200 மெகாஹெர்ட்ஸ், 12 பிட். ஒரே சேனலை மட்டும் திறந்தால் நொடிக்கு 2 ஜிகா சாம்பிள், நான்கையும் திறந்தால் சேனலுக்கு 500 மெகா. மெமரி மொத்தம் 50 மில்லியன் புள்ளிகள். கம்பெனிப் பெயரைச் சொல்லவில்லை. இதே எண்களோடு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் கிடைக்கின்றன. நான் சொல்வதில் பாதி எதற்கும் பொருந்தும்.

முதலில் பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு வேகமான சிக்னல் வரை ஸ்கோப் சரியாகக் காட்டும் என்ற எல்லை. வாங்குகிற எல்லோரும் முதலில் பார்ப்பதும் தப்பாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். என் கிளாக் 8 மெகாஹெர்ட்ஸ்தானே, 50 தாராளமாகப் போதுமே என்று நானும் நினைத்தேன். கிளாக் எத்தனை வேகம் என்பது முக்கியமில்லை, அதன் ஓரம் எத்தனை செங்குத்து என்பதுதான் கணக்கு. 0.35-ஐ பேண்ட்விட்தால் வகுத்தால் ஸ்கோப்பின் சொந்த எழும் நேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு 7 நானோசெகண்ட், 200-க்கு 1.75. திரையில் தெரிவது சிக்னலின் எழும் நேரமும் ஸ்கோப்பின் எழும் நேரமும் வர்க்கம் வர்க்கமாகக் கூடி, வர்க்கமூலம் எடுத்தது. 2 நானோசெகண்டில் எழும் ஓரம் பழைய ஸ்கோப்பில் 7.3 என்று தெரியும், 5-இல் எழுவது 8.6 என்று தெரியும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஜோசியம்தான் பார்க்க வேண்டும். புதியதில் 2.7, 5.3. இப்போது பேசலாம்.

அப்படியானால் 500 மெகாஹெர்ட்ஸாகவே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். பல கருவிகளில் உள்ளே இருப்பது ஒரே ஹார்ட்வேர்தான். உரிமச் சாவி வாங்கி எண்ணை அடித்தால் பேண்ட்விட்த் கூடும். நானும் அந்த மெனுவை ஏக்கத்தோடு பார்த்ததுண்டு. வாங்கவில்லை. காரணம் புரோப். உறையில் 10 மெகா ஓம் என்று அச்சடித்திருக்கும், அது டிசிக்கு. முனையில் 12 பிக்கோஃபாரட் உட்கார்ந்திருப்பதால் 300 மெகாஹெர்ட்ஸில் அதே புரோப் சர்க்யூட்டுக்கு வெறும் 44 ஓம் சுமையாகத் தெரியும். அளக்கப் போன நாமே சிக்னலைக் கீழே இழுத்துவிடுவோம். அதற்கு மேல் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ள ஆக்டிவ் புரோப் வேண்டும், அது தனிச் செலவு, தனிக் கவலை. என் வேலைக்கு 200 போதும் என்பது மூன்று வருடத்தில் உறுதியாகிவிட்டது.

உண்மையில் காசுக்குப் பலன் கொடுத்தது பேண்ட்விட்த் இல்லை, நான்கு சேனலும் ஆழமான மெமரியும்தான். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

மோட்டார் ஒன்றை இயக்கும் போர்டு. கூடவே ஐ2சி பஸ்ஸில், அதாவது சிப்புகள் இரண்டு ஒயரில் பேசிக்கொள்ளும் இணைப்பில், ஒரு சென்சார். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சென்சார் பேசாமல் போய்விடும். பவரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். பஸ்ஸின் டேட்டா ஒயரான எஸ்டிஏ லைன் கீழேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பது வரை மல்டிமீட்டரே சொல்லிவிட்டது. ஏன் என்பதுதான் தெரியவில்லை. சாஃப்ட்வேரைக் குற்றம் சொல்லி ஒரு வாரம் ஓட்டினேன்.

அப்புறம் ஸ்கோப்பில் நான்கு சேனலையும் மாட்டினேன். எஸ்டிஏ, பஸ்ஸின் கிளாக் ஒயரான எஸ்சிஎல், 3.3 வோல்ட் சப்ளை, மோட்டாரை இயக்கும் சிக்னல். எப்போது பதிவைப் பிடிக்க வேண்டும் என்று ஸ்கோப்புக்குச் சொல்லும் ட்ரிக்கரின் வகையை டைம்அவுட்டுக்கு மாற்றி, எஸ்டிஏ 20 மில்லிசெகண்டுக்கு மேல் கீழே நின்றால் பிடி என்று வைத்தேன். பஸ் ஓடுவது 100 கிலோஹெர்ட்ஸில். ஒரு பைட் போக 90 மைக்ரோசெகண்ட்தான் ஆகும். எனவே நல்ல நிலைமையில் 20 மில்லிசெகண்ட் என்பது நடக்கவே நடக்காது. ட்ரிக்கர் புள்ளியைத் திரையின் வலது ஓரத்துக்குத் தள்ளி, முந்தைய 100 மில்லிசெகண்ட் முழுவதும் பதிவாகும்படி செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தபோது பிடித்து வைத்திருந்தது. சேனலுக்கு 12.5 மில்லியன் புள்ளிகள் என்பதால் 100 மில்லிசெகண்டில் 8 நானோசெகண்டுக்கு ஒரு புள்ளி. எஸ்டிஏ கடைசியாகக் கீழே போன இடத்துக்கு நகர்த்திப் பெரிதாக்கினேன். மோட்டார் ஆன் ஆகிறது, அதே கணம் 3.3 வோல்ட் லைன் 5 மைக்ரோசெகண்டுக்கு 2.4 வரை குழிந்து எழுகிறது, எஸ்சிஎல் பாதி பைட்டில் நின்றுவிடுகிறது. மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகியிருக்கிறது. சென்சார் ஆகவில்லை. அடுத்த கிளாக் வரும் என்று எஸ்டிஏவைக் கீழே பிடித்தபடி அது காத்திருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் எழுந்து வந்து பார்த்தால் பஸ் பிஸி. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்பது போல.

பழைய ஸ்கோப்பில் இரண்டு சேனலையும் திறந்தால் ஆளுக்கு 8 ஆயிரம் புள்ளிகள். 100 மில்லிசெகண்டுக்கு விரித்தால் 12 மைக்ரோசெகண்டுக்கு ஒரு புள்ளி. அந்த 5 மைக்ரோசெகண்ட் குழி இரண்டு புள்ளிக்கு நடுவே விழுந்து காணாமல் போயிருக்கும். அதற்கும் முன்னால், சப்ளையைப் பார்க்க மூன்றாவது சேனலே இருந்திருக்காது. தீர்வு சுலபம்: மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர், எழுந்தவுடன் எஸ்சிஎல்லில் 9 துடிப்பு அனுப்பி சென்சாரை விடுவிக்கும் நாலு வரி கோட்.

12 பிட் விஷயத்துக்கு வருகிறேன். 8 பிட் என்றால் திரையின் உயரம் 256 படி, 12 பிட் என்றால் 4096. வாங்கும்போது இது விளம்பரம் என்றுதான் நினைத்தேன். ஒரு மோட்டாரின் கரண்டை ஷன்ட் (கரண்டை வோல்ட்டாக மாற்றிக் காட்டும் சின்ன ரெசிஸ்டர்) வழியாகப் பார்த்தபோது எண்ணம் மாறியது. ஸ்டார்ட் ஆகும்போது 8 ஆம்பியர், ஓடும்போது 200 மில்லிஆம்பியர். 8 ஆம்பியரும் திரைக்குள் வரும்படி வைத்தால் 8 பிட்டில் ஒரு படி 31 மில்லிஆம்பியர். ஓட்டக் கரண்ட் மொத்தமே ஆறு படிக்கட்டு. 12 பிட்டில் படி 2 மில்லிஆம்பியர்; ஒரே பதிவில் ஆரம்ப எகிறலையும் பிறகு வரும் சின்னச் சுருக்கங்களையும் சேர்த்துப் பார்க்க முடிகிறது. ஆனால் 12 பிட் முழுவதும் நிஜமாகக் கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. உள் இரைச்சல் கடைசிப் பிட்டுகளைத் தின்றுவிடும். வேறுபாடு நிஜம், 16 மடங்கு இல்லை, அவ்வளவுதான். தகவல் தாளில் பிட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இரைச்சல் அளவும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாதவர்கள் ஏன் போடவில்லை என்று யோசியுங்கள்.

இதே உற்சாகத்தில் ஒரு பவர் சப்ளையின் ரிப்பிளை, அதாவது வெளிவரும் வோல்ட்டேஜில் இருக்கும் சின்ன ஆட்டத்தை, அளக்கப் போய் இன்னொரு முறை ஏமாந்தேன். 80 மில்லிவோல்ட் முள் முள்ளாகத் தெரிந்தது. கெப்பாசிட்டர் மாற்றினாலும் அப்படியே. சந்தேகம் வந்து, புரோப் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப்பிலேயே கடிக்கவிட்டு, எதையும் தொடாமல் இண்டக்டருக்கு மேலே அந்தரத்தில் பிடித்தேன். அதே முள். கிளிப் ஒயர் போட்ட வளையமே ஆன்டெனா. ஸ்பிரிங்கை மாட்டி, 20 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்விட்த் லிமிட்டைப் போட்டுப் பார்த்தால் ரிப்பிள் 15 மில்லிவோல்ட்கூட இல்லை. இப்போது எந்தச் சின்னச் சிக்னலை அளக்கும் முன்பும் இந்த அந்தரச் சோதனையைச் செய்துவிடுகிறேன். பத்து நொடி வேலை.

வாங்கும்போதே யோசிக்காமல் விட்டது டிஃபரன்ஷியல் புரோப், கிரவுண்டைத் தொடாமல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளப்பது. ஸ்கோப்பின் எல்லா சேனல் கிரவுண்டும் உள்ளே ஒன்று. அது பவர் கார்டு வழியாக எர்த்துக்குப் போகிறது. மெயின்ஸோடு நேரே இணைந்திருக்கும் சர்க்யூட்டில், உதாரணமாக எஸ்எம்பிஎஸ் என்னும் ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையின் பிரைமரி பக்கத்தில், கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் அது நேரடி ஷார்ட். ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டு அளக்கச் சொல்லும் மகானுபாவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உலோகப் பாகங்கள், கனெக்டர் உள்பட, உயிருள்ள லைனாகிவிடும். தயவுசெய்து வேண்டாம். நான் இரண்டாவது வருடம்தான் டிஃபரன்ஷியல் புரோப் வாங்கினேன், அதுவரை அந்த வேலைகளைத் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். ஸ்கோப்பை ஒரு படி குறைத்து வாங்கி, மிச்சத்தில் இதை முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

பயன்படாதவையும் உண்டு. உள்ளேயே வரும் சிக்னல் ஜெனரேட்டரை மூன்று வருடத்தில் ஐந்தாறு முறைதான் தொட்டிருப்பேன், அதுவும் ஒரு ஃபில்டர் எந்த அலைவெண்ணை எவ்வளவு கடத்துகிறது என்று காட்டும் போடே வரைபடம் எடுக்க. நொடிக்கு இத்தனை ஆயிரம் அலைகள் காட்டும் என்ற எண் விளம்பரத்தில் பெரிதாக இருந்தது. பஸ்ஸில் போகும் பைட்டுகளைப் படித்துக் காட்டும் டீகோடையும் அளவீடுகளையும் ஆன் செய்தால் அது சரேலென்று இறங்குவது சின்ன எழுத்தில்கூட இல்லை. சிக்னலை அலைவெண்களாகப் பிரித்துக் காட்டும் எஃப்எஃப்டி மட்டும் நினைத்ததைவிட அதிகம் பயன்பட்டது, இரைச்சல் எந்த ஸ்விட்ச்சிங் அலைவெண்ணிலிருந்து வருகிறது என்று துப்புத் துலக்க.

குறைகள்? டச் ஸ்கிரீன் அழகுதான், ஆனால் சால்டரிங் ஃபிளக்ஸ் ஒட்டிய விரலோடு மெனு தேடுவது எரிச்சல். நான்கு சேனலுக்கும் ஒரே செட் குமிழ் என்பது அதைவிட எரிச்சல். எந்தச் சேனல் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் திருப்பி எத்தனையோ முறை தப்பான அலையை நகர்த்தியிருக்கிறேன். மின்விசிறிச் சத்தம் இரவு வேலையில் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு ஃபர்ம்வேர் அப்டேட் நான் சேமித்து வைத்த செட்டப் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. இப்போது பென்டிரைவில் பிரதி வைக்காமல் அப்டேட் செய்வதில்லை. திரையின் நேர அளவை மாற்றும் டைம்பேஸ் குமிழ் இந்த வருடம் சில நேரம் ஒரு படி தாவுகிறது. ஒரு புரோப்பின் கொக்கி உடைந்து, பென்சில் மாதிரி முனையை மட்டும் வைத்து ஓட்டுகிறேன்.

பழைய ஸ்கோப்பை விற்கவில்லை. புதியது ஆன் செய்து அலை காட்ட முக்கால் நிமிடம் எடுத்துக்கொள்கிறது, பழையது ஐந்து நொடியில் தயார். சப்ளை வருகிறதா, கிளாக் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் கை தானாக அதன் பக்கம்தான் போகிறது. கிரவுண்ட் ஸ்பிரிங்குகளில் ஒன்று மேசைக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது, இரண்டு நாளாகத் தேடுகிறேன்.