அமெரிக்கக் கிராமத்து மூதாதையைத் தேட: கணக்கெடுப்பா, நிலக் கோப்பா, பென்ஷன் கோப்பா?

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எங்கோ ஒரு கிராமத்தில் உழுது பிழைத்த ஒருவரைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழ். அநேகமாக அது கிடைக்காது. பெரும்பாலான மாநிலங்களில் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்கானதே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். டிஎன்ஏ பரிசோதனை தூரத்துச் சொந்தங்களைக் காட்டும். பாட்டன் பெயரைச் சொல்லாது. ஆகவே காகிதங்களைத்தான் நம்ப வேண்டும்.

எல்லோரும் தொடங்குவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே தேடலாம். ஆனால் எந்த ஆண்டு என்பது முக்கியம். 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான். மனைவி மக்கள் எல்லாம் வயதுவாரியான வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் வந்தது, அதுவும் அடிமைகளாக இல்லாதவர்களுக்கு. அடிமைகளை 1850, 1860 இரண்டு முறையும் தனித் தாளில், உடைமையாளர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும் குறித்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் பலருக்கு மூதாதையின் பெயர் கண்ணில் படுவதே 1870இல்தான். அந்தத் தாள்களைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும்.

அப்புறம் 1890. வாஷிங்டனில் 1921 ஜனவரியில் பிடித்த தீயில் அந்த 1890 பதிவேட்டின் பெரும்பகுதி பாழானது. மிஞ்சியதையும் பின்னர் அரசே அழித்துவிட, கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. 1881இல் பிறந்து 1900க்குள் கல்யாணமாகிப் போன ஒரு பெண்ணைப் பெற்றோரோடு சேர்த்துக் காட்டும் கூட்டாட்சி (மத்திய அரசு) கணக்கெடுப்பே கிடையாது. நெப்ராஸ்கா போன்ற சில இடங்களில் 1885இல் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அது கைகொடுக்கலாம்.

உழவர் என்றால் நான் நிலக் கோப்புக்குத்தான் முதலிடம் கொடுப்பேன். 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் கிடைத்தது. ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிரிட்டதை இரண்டு சாட்சிகளை வைத்து நிரூபிக்க வேண்டியிருந்தது. நெப்ராஸ்காவில் பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில், சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுப் போட்டவர் டேனியல் ஃப்ரீமன். அவருக்காக அண்டை வீட்டார் இருவர் சொன்ன சாட்சியம் இன்றும் இருக்கிறது: பாதி மரக்கட்டை, பாதி பலகையாகப் 14க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், உழுத நிலம் சுமார் 35 ஏக்கர், 100 அடி நீள ஆட்டுக் கொட்டகை, 40 ஆப்பிள் மரம், சுமார் 400 பீச் மரம். எந்தக் கணக்கெடுப்புத் தாளில் இப்படி ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும்?

இப்படி நிரூபித்தவருக்குக் கிடைத்த பட்டாவின் படம் அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பலர் அதைப் பார்த்த திருப்தியோடு நின்றுவிடுகிறார்கள். பட்டா ஒரே தாள். விஷயமெல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள கோப்பில் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்தவரானால் குடியுரிமைத் தாளும் அதில் இருக்கும். பாதியில் நிலத்தை விட்டுப் போனவர்களுக்கும் கோப்பு உண்டு. ஒரு குறை: கென்டக்கி, டென்னசி, டெக்சாஸ், பழைய பதின்மூன்று குடியேற்றப் பகுதிகள் ஆகிய இடங்களில் கூட்டாட்சி நிலமே கிடையாது. அங்கெல்லாம் கவுண்டி (மாவட்ட) நீதிமன்றத்துக் கிரயப் பத்திரங்களைத்தான் புரட்ட வேண்டும்.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில், அதாவது மத்திய அரசின் பக்கம், இருந்தவர் என்றால் மட்டும் என் வரிசை மாறும். அப்போது பென்ஷன் கோப்புதான் முதலில். கணவர் இறந்தபின் பென்ஷன் கேட்ட மனைவி தன் திருமணத்தையும், சிறு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பிறப்பையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் இல்லாத ஊரில் என்ன செய்வார்? பிரசவம் பார்த்தவர், கல்யாணத்துக்கு வந்திருந்த அண்டை வீட்டார் என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். சிலர் பிள்ளைகளின் பிறந்த தேதி எழுதியிருந்த வீட்டுப் பைபிளின் தாளையே கிழித்து அனுப்பினார்கள். அந்தத் தாள் இன்னும் கோப்புக்குள்ளேயே இருக்கும். படைவீரர் சொன்ன வயதை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். 1907 முதல் 62 வயதானாலே பென்ஷன் என்றானதால், கூட்டிச் சொல்லக் காரணம் இருந்தது. தெற்குப் படையினருக்கோ பென்ஷன் கொடுத்தவை மாநிலங்கள்தான், அங்கே போய்த் தேடுங்கள்.

காப்பகத்தில் பென்ஷன் நகல் கேட்கும்போது தேர்ந்தெடுத்த சில தாள்கள், முழுக் கோப்பு என்று இரண்டு வகை உண்டு. செலவு கூடினாலும் முழுக் கோப்பைக் கேளுங்கள்.