தாத்தாவின் ஊரைத் தேட எங்கே போவது: கப்பன் பார்க் நூலகமா, இணையமா, எழும்பூரா?

எங்கள் வீட்டில் ஆயா சொல்லிவிட்டுப் போனது ஒரே ஒரு வரிதான்: "தாது வருஷத்துல வாலாஜா பக்கமிருந்து தண்டுக்கு வந்தவங்க நாம." தண்டு என்றால் பெங்களூர் கண்டோன்மென்ட், அல்சூர் சிவாஜிநகர் பக்கத்தில் பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாக நூலகம், இணையம், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம், சொந்தக்காரர் வீட்டுப் பெட்டி என்று அலைந்ததில் எது எதற்கு உதவும், எது உதவாது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. பெங்களூரில் இருந்துகொண்டு பூர்வீகம் தேடும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் போவது இணைய வம்சாவளித் தளங்களுக்கு, நானும் அங்கேதான் போனேன். ஃபேமிலி சர்ச் இலவசம், காசு கட்டும் தளங்களும் உண்டு. ஆனால் இவை எல்லாம் குடும்பப் பெயர் என்ற ஒன்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் என்று நம்பிக் கட்டப்பட்டவை. நம்மிடம் இருப்பது இனிஷியல். அப்பா பெயரின் முதல் எழுத்து, அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். அதோடு பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், அதனால் ஆறுமுகம், முருகேசன், ஆறுமுகம், முருகேசன் என்று மாறி மாறி வரும்போது தளத்தில் இருக்கும் ஆறுமுகம் எந்த ஆறுமுகம் என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆகியிருக்கும், முதலியார் 'மூடெல்லி' ஆகியிருக்கும். ஒரு தளம் என் கொள்ளுத்தாத்தாவை வேறு நாட்டில் இருக்கும் ஒரு குடும்பத்தின் மரத்தோடு ஒட்டிவிட்டது. பெயரும் பிறந்த வருஷமும் பொருந்தியதால் இரண்டு மாதம் அதை நம்பி அவர்களோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வீட்டுக்கும் மனவருத்தம்தான் மிச்சம்.

ஆனால் எல்லாருக்கும் இப்படி இல்லை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் இணையத்தைத்தான் முதலில் பாருங்கள் என்பேன், ஏனென்றால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் கோயில் பதிவேடு இருக்கிறது, அதில் அப்பா அம்மா பெயர் இருக்கும், மதராஸ் மாகாணத்துக் கோயில் பதிவேடுகளில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்து இணையத்துக்கும் வந்திருக்கிறது. சிவாஜிநகர் புனித மரியாள் பேராலயம் போன்ற பழைய பங்குகளில் நேரிலும் கேட்கலாம். ராணுவக் குடும்பமாக இருந்தாலும் வழி உண்டு. மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் தலைமையகம் பெங்களூரில் 1834 முதல் இருப்பதால் இங்கே அப்படி ஏராளமான குடும்பங்கள் இருக்கின்றன. உலகப் போர்களில் இறந்தவர்களுக்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடலாம், காசு இல்லை, பல பதிவுகளில் தகப்பன் பெயரும் கிராமத்தின் பெயரும் சேர்ந்தே இருக்கும். கொத்தனாராகவும் மில் தொழிலாளியாகவும் வண்டிக்காரராகவும் வந்த மற்றவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்தது கப்பன் பார்க்கின் உள்ளே இருக்கும் அந்தச் சிவப்புக் கட்டடம், மாநில மத்திய நூலகம். சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம் என்பது கட்டடத்தின் பெயர். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் பாலக்காட்டுத் தமிழர், இதையே இங்குள்ள பல தமிழர்கள் கவனித்ததில்லை. அங்கே போய் "என் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கிறதா" என்று கேட்டால் இருக்காது. நான் முதல் நாள் அப்படித்தான் கேட்டேன். உதவிக்கு வந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பேரை விடுங்க, ஊரையும் வருஷத்தையும் சொல்லுங்க" என்றார். இதுவரை எனக்குக் கிடைத்த யோசனைகளில் உருப்படியானது அதுதான்.

சரி, வருஷம். தாது என்பது அறுபது வருஷச் சுற்றில் பத்தாவது. 1876-77இல் ஒரு தாது வந்தது, 1936-37இல் இன்னொன்று. ஆயா சொன்னது எந்தத் தாது? 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவையே உலுக்கிய பஞ்சத்துக்கே தாது வருஷப் பஞ்சம் என்றுதான் பெயர். லூயிஸ் ரைஸ் எழுதிய மைசூர் கெசட்டியர் என்ற அரசு விவரத் தொகுப்பின் முதல் பதிப்பும் அந்தப் பஞ்சக் காலத்தில் வந்ததுதான். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் என்றால் முதல் தாதுதான், அறுபது வருஷக் குழப்பம் ஒரே மத்தியானத்தில் தீர்ந்தது. அப்புறம் வாலாஜா. மதராஸ் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856இல் திறந்தது, ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்கு 1864இல் பாதை வந்தது. இந்த இரண்டு வருஷங்களையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு உடம்பே சிலிர்த்தது: வாலாஜா எங்கள் ஊரே இல்லாமல் இருக்கலாம், அது ரயில் ஏறிய ஸ்டேஷனாக இருக்கலாம்! தண்டுக்கு வந்த பலர் வீட்டில் இப்படி ஸ்டேஷன் பெயரே சொந்த ஊராகத் தங்கிவிட்டதை அதற்கப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

உள்ளூர் வரலாறுதான் வேண்டும், குடும்பம் அப்புறம் என்பவர்களுக்கு நிருபதுங்கா சாலையில் 1909இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வுச் சங்கம் இன்னும் நல்ல இடம். பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் படியெடுக்கும் வேலையை அவர்கள் செய்கிறார்கள். எபிகிராஃபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாவது தொகுதி, 1905இல் வந்தது, பெங்களூர் மாவட்டத்துக்கானது, ஒரு முறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். தொம்லூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் அந்த ஊர் தொம்பலூர் என்று வருகிறது. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைப் பேசுகிறது. சில்க் போர்டு நெரிசலில் தினமும் நிற்கிறோம், பக்கத்திலேயே எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நம் எழுத்தில் இந்த ஊரின் பெயர் வெட்டியிருக்கிறது. இந்தத் தொகுதி ஆர்க்கைவ் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது, வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனாலும் மேசையில் விரித்து வைத்து, தாலுகா தாலுகாவாகப் புரட்டும்போது கண்ணில் படுவது திரையில் தேடும்போது படாது. தேட ஒரு சொல் தெரிந்திருந்தால்தானே திரையில் தேட முடியும்.

அல்சூர் ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்து நூலகத்தைத் தனியாக ஒப்பிடத் தேவையில்லை. தமிழில் படிக்க வசதி, அதைவிடப் பெரிது அங்கே வந்து உட்காரும் பெரியவர்கள். பிளாக்பள்ளி என்று சிவாஜிநகரின் பழைய பெயரைச் சொல்லிப் பேச்சுக் கொடுத்தால் எந்தத் தெருவில் எந்த ஊர்க்காரர் இருந்தார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள்.

இப்போது எழும்பூர். தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து காகிதம் இருக்கிறது. நில அளவைப் பதிவேடு, இனாம் (மானிய நிலம்) பதிவேடு இரண்டிலும் நிலம் வைத்திருந்தவர் பெயர் வரும், அதனால் ஆளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல இடம் வேறு இல்லை. ஆனால் கிராமத்தின் பெயர் தெரியாமல் போனால் ரயில் செலவு வீண். மாவட்டம் எத்தனை முறை மாறியிருக்கிறது பாருங்கள்: வட ஆற்காடு 1989இல் இரண்டானது, பிறகு வேலூர் மாவட்டம், 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய பட்டியல்களில் வட ஆற்காடு என்றுதான் தேட வேண்டும், ராணிப்பேட்டை மாவட்டம் என்று கேட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். இங்குள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், கண்டோன்மென்ட் 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தது. மைசூர் அரசின் கோப்புகளில் பேட்டை, அதாவது பழைய பெங்களூர் நகரத்து ஆட்களைத் தேடலாம், தண்டு ஆட்கள் அதிகம் அகப்பட மாட்டார்கள்.

எங்களுக்குக் கிராமம் கிடைத்தது இவை எதிலும் இல்லை, காக்ஸ் டவுனில் பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில். ஸ்டேஷன் யோசனையைச் சொன்னதும் பெரியம்மா போய் எடுத்து வந்தது 1951ஆம் வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள், மடித்த இடத்தில் காகிதம் பிரிந்து நூல் மாதிரி நிற்கிறது. அதில் மாப்பிள்ளையின் பாட்டனார் பெயருக்கு முன்னால் "வட ஆற்காடு ஜில்லா, திமிரி" என்று அச்சடித்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் வழியில், பாலாற்றுக்குத் தெற்கே இருக்கிற திமிரி. கிளைவ் 1751இல் ஆற்காட்டைப் பிடித்தபோது பக்கத்துத் திமிரிக் கோட்டை வரை படையோடு போனார், பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'டிமெரி' என்று வரும். பெட்டியில் அந்தப் பத்திரிகை எழுபது வருஷமாக இருந்தது, யாரும் அதை ஊர்ச் சான்றாகப் பார்க்கவில்லை. வாலாஜாதான் ஊர் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்ததால் கல்யாண வீட்டுக்காரர் வேறு யாரோ திமிரிக்காரர் என்று விட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் வீட்டுப் பெட்டி, மூலப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, குலதெய்வம் எந்த ஊரில் என்ற கேள்வி. உடனே நூலகம், அதுவும் குறைந்தது நான்கைந்து நாள். அதன் பிறகு பெட்டியை இன்னொரு தடவை திறங்கள், இதைத்தான் பலர் செய்வதில்லை. எழும்பூர் கடைசியில். இணையத்தில் அடுத்தவர் போட்ட மரத்தைப் பார்த்தால் ஆவணத்தின் படம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், படம் இல்லாவிட்டால் தொடாதீர்கள். காசு கட்டும் தளத்துக்குச் சந்தா செலுத்த நினைத்தால் அந்தப் பணத்தில் கல்யாணப் பத்திரிகைகளை நல்ல ஸ்கேன் எடுத்து வையுங்கள். சென்னையில் உள்ள ரோஜா முத்தையா நூலகத்தின் சேகரிப்பில் பழைய கல்யாண அழைப்பிதழ்களும் உண்டு. காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் அவற்றை எல்லாம் எடுத்து வைத்ததால்தான் இன்று அவை இருக்கின்றன.

எழும்பூருக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், ஆடி மாதம் போகிறோம். பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார், அவருக்கு எண்பத்திரண்டு வயது, போகும் வழியில் வாலாஜா ரோட்டில் இறங்கி அந்த ஸ்டேஷனைப் பார்க்க வேண்டுமாம்.