பாம்பன் பாலம் வரை ஒரு நாள்: காரைக்குடியிலிருந்து காரில் போகிறவர்களுக்கு

படைப்புக்கோ (முன்னோருக்குப் படைக்கும் சடங்கு) அறுபதாம் கல்யாணத்துக்கோ வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால், ராமேஸ்வரத்துக்கு என்று ஒரு நாள் ஒதுக்காமல் யாரும் திரும்புவதில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை, ராமநாதபுரம் வழியாகப் போனால் சுமார் 140 கிலோமீட்டர். பாலத்தைக் கடக்கச் சில நிமிஷம் போதும். நேரத்தைத் தின்பது சுங்கச்சாவடிக் கட்டணத்துக்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் என்ற சின்ன ஸ்டிக்கர்தான். அதை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. அங்கே டச் அண்ட் கோ என்ற சுங்கக் கட்டண அட்டையைக் கையில் எடுத்துத் தட்டிப் பழகியிருப்பார்கள். இங்கே ஃபாஸ்டேக்கைக் கையில் பிடித்துக் காட்டினால், ஒட்டாத டேக் என்று பிளாக்லிஸ்டில் போட 2025 முதல் விதி இருக்கிறது. முன்கண்ணாடியின் உட்புறம், நடுவில், பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். உள்ளே பேட்டரி கிடையாது. சாவடியில் மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் அலையை வாங்கித்தான் அது பதில் சொல்லும். உலோகம் பக்கத்தில் இருந்தால் பதில் மங்கிவிடும். நம் ஊர்க் கார்களில் தகடு பதித்த சாமி படத்தை அந்த இடத்தில்தான் ஒட்டுவார்கள். பிள்ளையாரை டேஷ்போர்டுக்கு இறக்கிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். வெயிலில் நின்று நின்று ஓரம் பெயர்ந்த டேக்கும் மக்கர் பண்ணும். அதை டேப் போட்டு ஒட்டுவதைவிட வங்கியில் மாற்று டேக் கேட்பது நல்லது.

அடுத்தது பேலன்ஸ். அப்பாவின் கார் ஆண்டு முழுக்க வீட்டு வலவுக்குள் நின்றிருக்கும். டேக்கில் பதிவான போன் எண் யாருடையது என்றே தெரியாது, அந்த சிம் எப்போதோ செத்திருக்கும். ஆனாலும் பணம் போட அந்த எண்ணோ அதற்கு வரும் ஓடிபியோ வேண்டாம். எந்த யுபிஐ செயலியிலும் ஃபாஸ்டேக் பகுதிக்குப் போய், டேக் கொடுத்த வங்கியைத் தேர்ந்தெடுத்து, வண்டி எண்ணை அடித்தால் உரிமையாளர் பெயர் வரும். பெயர் சரியா என்று பார்த்துவிட்டுப் பணம் போடலாம். சிங்கப்பூர், அமீரகம் உள்ளிட்ட சில நாட்டு போன் எண்களை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்தும் யுபிஐ வாங்கலாம். அது இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் தம்பி, மச்சானிடம் சொல்லிப் போடச் சொல்வதே சுலபம். சாவடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு ரீசார்ஜ் செய்யாதீர்கள். சில இடத்தில் உடனே ஏறும், சில இடத்தில் பணமில்லாத டேக்குகளின் பழைய பட்டியலே ஓடிக்கொண்டிருக்கும். குறைந்தது ஒரு மணி நேரம் முன்னால் போட்டுவிடுங்கள்.

டேக் வேலை செய்யாவிட்டால் கணக்கு இது. 2025 நவம்பர் 15-இல் வந்த விதிப்படி, தேசிய நெடுஞ்சாலைச் சாவடியில் செல்லுபடியாகும் டேக் இல்லாமல் நுழைந்தால், ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு. 100 ரூபாய் கட்டணத்துக்கு ரொக்கம் 200, யுபிஐ 125. பதற்றத்தில் பர்ஸை எடுத்து நோட்டை நீட்டுகிறவர்களே அதிகம், போனை நீட்டுங்கள். டேக் நன்றாக இருந்து, பணமும் இருந்து, அவர்கள் மிஷின் படிக்காவிட்டால் கட்டவே வேண்டாம். சைபர் ரூபாய் ரசீது கொடுத்து விட வேண்டும் என்பது விதி. பேலன்ஸைத் திரையில் காட்டி அமைதியாகக் கேட்டால் போதும், மறுத்தால் நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடிக்கலாம். நூறு மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் இலவசம் என்று சித்தப்பா ஒருவர் பின்சீட்டிலிருந்து சண்டைக்கு இறங்குவார். அந்த வழிகாட்டுதல் 2021-இல் வந்தது, 2024-இல் எடுத்துவிட்டார்கள். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வையுங்கள்.

வாடகைக் கார் என்றால் கதை வேறு. மஞ்சள் போர்டு வண்டிக்கு டோல், பார்க்கிங், டிரைவர் பேட்டா மூன்றும் தனி என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். டோல் தொகையை வாய்க்கணக்கில் கொடுக்காமல், டேக்கில் பிடித்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டச் சொல்லுங்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து காரைக்குடி வரும் வழியில் லெட்சுமணப்பட்டி, லெம்பலக்குடி என்று இரண்டு சாவடிகள். வண்டி 24 மணி நேரத்துக்குள் திரும்பினால், போகவும் வரவும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் பிடிக்கும், டேக் தானே கழித்துக்கொள்ளும். ஆகவே போக ஒன்று, வர ஒன்று என்று முழுசாக இரண்டு எழுதிய பில்லைக் கேள்வி கேட்கலாம். சாவடிக் கட்டணத்துக்கான வருட பாஸ் 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்கு வந்தது. ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முன்னோ அதுவரை. சொந்தக் கார், ஜீப், வேனுக்கு மட்டும், டாக்ஸிக்குக் கிடையாது. ஒவ்வொரு சாவடியைக் கடப்பதும் ஒரு தடவை, திரும்புவது இன்னொன்று. மூன்று வார விடுமுறைக்கு இது கட்டாது. வீட்டில் யாராவது வாரந்தோறும் மதுரையோ திருச்சியோ போய் வந்தால் வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம், ஆச்சிக்குச் சேலை எடுப்பதைவிட உபயோகம்.

கட்டணம் ஆண்டுதோறும் ஏப்ரல் 1-இல் மாறும் என்பதால் போன வருஷத்துத் தொகையை நம்பாதீர்கள். நெடுஞ்சாலை ஆணையத்தின் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் புறப்படும் இடமும் சேரும் இடமும் கொடுத்தால் அன்றைய தொகை வரும். பாலம் உள்ள சாலைக்கு ஏன் கூடுதல் என்று கேட்பவர்களுக்கு: தேசிய நெடுஞ்சாலைக் கணக்கில் பாலத்தின் ஒரு கிலோமீட்டர் சாதாரணச் சாலையின் பத்து கிலோமீட்டருக்குச் சமம். 40 கிலோமீட்டர் பகுதியில் 2 கிலோமீட்டர் பாலம் இருந்தால் 20 கூட்டல் 38, ஆக 58 கிலோமீட்டருக்குக் கட்டணம். மொத்த நீளத்தின் ஐந்து மடங்கு இதைவிடக் குறைவாக வந்தால் அதையே எடுக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் திருத்தினார்கள். பெரும்பகுதி பாலமாகவே இருக்கும் சாலைக்குத்தான் அதனால் லாபம்.

தண்ணீர் பார்க்க பாம்பன் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வந்தால் வழியெல்லாம் கண்மாய்தான். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கு 48 மடை. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. சித்திரையில் வந்தால் அதே இடம் கருவேலங்காடும் வெடித்த மண்ணும்தான், படம் எடுக்க இறங்காதீர்கள். கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும் நாட்களில் மெயின் ரோட்டை விட்டுக் கிராமத்துக் குறுக்கு வழியை மேப் காட்டினால் திரும்ப வேண்டாம். தாழ்வான இடங்களில் ரோட்டின் மேலேயே தண்ணீர் ஓடும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2-இல் திறந்தது, நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர். அதன் பக்கத்தில் கட்டியவை இரண்டு ரயில் பாலங்கள். ஒன்று 1914-இல் திறந்து 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோன பழைய பாலம், மற்றது 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதியது. பழையதில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே விரிந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும். அது எழும்போதும் ரயில் வரும்போதும் சாலைப் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு எல்லாரும் இறங்குவதால்தான் நெரிசல். பாலத்தின் மேல் நிறுத்தாதீர்கள். மண்டபம் பக்கமோ பாம்பன் பக்கமோ பாலம் முடிகிற இடத்துக்கு அப்பால் ஓரமாக விட்டுவிட்டு, நடைபாதையில் நடந்து வந்து பாருங்கள். காற்று பலமாக அடிக்கும்: தொப்பி, கைப்பை, போன் எல்லாம் பத்திரம், வேட்டியையும் சேர்த்து. காலை வெளிச்சமே படத்துக்கு நல்லது, அதற்குக் காரைக்குடியில் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ரீசார்ஜை முந்தின ராத்திரியே முடித்துவிடுங்கள். அந்த நேரத்துக்குத் தம்பியை எழுப்ப முடியாது.