மாலைப் பசிக்கு பிஸ்கட்டா, சுண்டலா?

பள்ளி விட்டு வந்து, புத்தகப் பையை இறக்கும் முன்பே சமையலறை டப்பாக்களைத் திறந்து பார்க்கும் வளரும் பையன்கள் இருவர் இருக்கும் எங்கள் வீட்டில், மாலை ஐந்து மணிக்கு எதைக் கொடுப்பது என்பதைப் பொறுத்தே மளிகைச் செலவு ஏறவும் இறங்கவும் செய்கிறது.

பிஸ்கட்டுக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்பது உண்மையே. ஆனால், பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த அதில், 100 கிராமுக்குப் புரதம் ஏறத்தாழ 7 கிராம்தான். ஒரு பாக்கெட்டைப் பாலில் தோய்த்துத் தின்று முடித்த பெரியவன், ஒரு மணி நேரத்திற்குள் "அம்மா, வேற என்ன இருக்கு?" என்று வந்து நிற்பான்.

கறுப்புக் கொண்டைக்கடலையில், உலர்ந்த நிலையில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதமும் நிறைய நார்ச்சத்தும் உண்டு. ஊறி வெந்தபின் எடை இரு மடங்குக்குக் குறையாமல் பெருகுவதால், ஏறக்குறைய முப்பது ரூபாய்க்கு வாங்கும் கால் கிலோ, அரைக் கிலோ சுண்டலாகி, இருவர் வயிற்றையும் இரவுச் சாப்பாடு வரை தாங்குகிறது. கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, துருவிய தேங்காயோடு மாங்காயையும் பொடியாக நறுக்கிச் சேர்த்த நாள் முதல், முகம் சுளித்துக்கொண்டிருந்த சின்னவனும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிடுகிறான்.

முதல் நாள் இரவே ஊறவைக்க மறந்தால் சுண்டல் கிடையாது என்பதே இதிலுள்ள குறை. அப்படிப்பட்ட நாள்களில் ஊறவைக்காமலே குக்கரில் வெந்துவிடும் பச்சைப்பயறோ, ஒரு கை வறுத்த வேர்க்கடலையும் வெல்லமுமோ கைகொடுக்கும். பிஸ்கட்டைப் பேருந்துப் பயணங்களுக்கு மட்டுமே வாங்குகிறேன்.