சூம்பின தொடைக்கு எது நல்லது? கரன்ட்டா, ஸ்குவாட்டா, லெக் எக்ஸ்டென்ஷனா?

ஏசிஎல் (முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்) அறுந்து, புதிது வைக்கும் ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்தபோதுதான் என் தொடை எவ்வளவு சூம்பியிருக்கிறது என்று தெரிந்தது. முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே டேப் வைத்து அளந்தால், வலதைவிட இடது 3 செ.மீ. குறைவு. காலை நேராகத் தூக்கச் சொன்னால் தொடை பேச்சே கேட்கவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை. முட்டியில் நீர் கோத்திருக்கும்வரை நரம்பே அந்தத் தசையை அடக்கி வைக்கும்.

அந்த முதல் வாரங்களில் கரன்ட் வைப்பது, அதாவது தோலில் பேட் ஒட்டி மின்சாரத்தால் தசையை இறுக வைப்பது, கைகொடுக்கும். வெறும் குறுகுறுப்பு போதாது. தசை கண்ணுக்குத் தெரிய இறுகுமளவு, பொறுக்க முடிந்தவரை கூட்ட வேண்டும். கூடவே நாமும் இறுக்க வேண்டும். தசை விழித்த பிறகும் கரன்ட்டையே நம்பியிருந்தால் பலம் ஏறாது.

பெரிய வழக்கு அடுத்ததில்தான். லெக் எக்ஸ்டென்ஷன், அதாவது உட்கார்ந்தபடி எடைக்கு எதிராக முட்டியை நீட்டுவது, என்றாலே பலருக்குப் பயம். காரணம் உண்டு: முட்டியை நீட்டும் கடைசிப் பகுதியில் தொடைத் தசை கீழ்க்கால் எலும்பை முன்னால் இழுக்கும், புது லிகமென்ட் அதைத் தாங்க வேண்டும். அதனால்தான் 4ஆம் வாரத்துக்குப் பிறகு, முட்டி மடிப்பு 90 டிகிரியிலிருந்து 45 வரை மட்டும் என்று பிசியோக்கள் மெல்லத் தொடங்குகிறார்கள். பின்தொடைத் தசைநாணை எடுத்துப் புது லிகமென்ட்டாக வைத்தவர்களுக்கு இன்னும் நிதானம்.

ஸ்குவாட் லிகமென்ட்டுக்குப் பதமானது. ஆனால் நல்ல கால் பாரத்தை வாங்கிக்கொள்ளும், நமக்கே தெரியாது. 3ஆம் மாதம் காலுக்கு ஒன்றாக இரண்டு எடை மெஷின் போட்டு, பாதி உட்கார்ந்து நின்றேன். 72 கிலோவில் ஆபரேஷன் கால் தாங்கியது 29. எடை சமமானாலும் இடுப்பும் கணுக்காலும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளும். லெக் எக்ஸ்டென்ஷனில் தசைக்கு ஒளிய இடமில்லை. ஸ்குவாட் மட்டும் போதும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகாதது இதனால்தான்.

தொடையைப் பட்டையால் இறுக்கி, ரத்த ஓட்டத்தைக் குறைத்து, தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 20-30 சதவீதத்திலேயே பயிற்சி செய்வதும் உண்டு. கனமான எடையில் முட்டி வலிப்பவர்களுக்கு நல்ல வழி. ரத்தம் உறையும் தொந்தரவு இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கட்டவே கூடாது.

மைதானத்துக்கு எப்போது? 2016இல் வந்த டெலவேர்-ஆஸ்லோ ஆய்வில், 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தொடை பலமும் நல்ல காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. டேப்பை நம்பாதீர்கள், பலத்தை அளக்கச் சொல்லுங்கள். 7ஆம் மாதம் டேப்பில் எனக்கு வித்தியாசம் 1 செ.மீ.தான், பலம் 78 சதவீதம். கபடிக்கு இன்னும் இறங்கவில்லை.